யார் வீட்டு வண்டி

இன்றைக்கும் யாரோ என் காரைக் கழுவியிருந்தார்கள்.

நேற்று சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தியபோது கதவின் பாதிவரை செம்மண் அப்பியிருந்தது. சக்கரத்துக்கு மேலே கட்டிகட்டியாகச் சேறு. வைப்பருக்கு அடியில் அழுகிய இலைகள். இப்போது பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டடம் எழும்புகிற இடங்களுக்குப் போய் தண்ணீர் இறைக்கும் மோட்டார் விற்பது என் வேலை. அஸ்திவாரக் குழிகளில் தண்ணீர் தேங்கும் மழைக்காலத்தில்தான் வியாபாரம். இன்று கழுவினால் நாளைக்கு மறுபடி சேறு. அதனால் மழை ஓயும்வரை வண்டியைக் கழுவுவதில்லை என்பது என் கொள்கை.

"கொள்கையாம், பெரிய கொள்கை," என்று சிரித்தாள் மனைவி. "பார்க்கச் சகிக்காம யாரோ புண்ணியவான் கழுவி விடுறாரு. பேசாம இருங்க."

எப்படிப் பேசாமல் இருப்பது? கேட்காமலே வந்து ஒருவன் மூஞ்சியைத் துடைத்துவிட்டால் அதற்குப் பெயர் உதவியா? நீ அழுக்கன் என்று தெருவுக்கே சொல்வதல்லவா அது?

மறுநாள் விடியும்போதே மாடி ஜன்னலில் நின்றுகொண்டேன்.

தூறலில், மழைக்கோட்டு போட்ட உருவம் ஒன்று வாளியோடு வந்து என் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்து அம்மா. குடிவந்து சில மாதங்கள் இருக்கும். ஒரு வார்த்தை பேசியதில்லை.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

"யாரைக் கேட்டு என் வண்டியத் தொடுறீங்க?"

அந்த அம்மா கையிலிருந்த ஸ்பாஞ்ச் நழுவி விழுந்தது. என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. அவரு முழிச்சிடப் போறாரு."

எந்த அவர்? முழித்தால் எனக்கென்ன?

"என் வீட்டுக்காரரு. அந்த ஜன்னலோரமாத்தான் படுத்திருக்காரு. இப்ப எதுவுமே அவருக்கு நினைவுல நிக்கிறதில்ல. இந்தக் காரு தன்னோடதுன்னு மட்டும் ஒரே பிடிவாதம். சேறோட பார்த்துட்டாருன்னா, கழுவணும்னு கட்டில விட்டு இறங்கிடுறாரு. ஒரு தடவை விழுந்து தோள்பட்டை மூட்டு விலகிப்போச்சு."

கோபம் இறங்க மறுத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"சொல்லலாம்னுதான் வருவேன். உங்க முகத்தப் பார்த்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்போது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி படபடவென்று தட்டப்பட்டது. பிறகு ஜன்னல் கதவு திறந்தது. வெள்ளைத் தாடி மண்டிய ஒரு முகம் கம்பிகளுக்குப் பின்னால் தெரிந்தது. என் கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று தோன்றும்படி ஒரு கோபம் அந்த முகத்தில்.

"ஏண்டா, அம்மாவ மழையில கழுவ விட்டுட்டு நீ வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறியா? வெக்கமா இல்ல?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை.

அந்த அம்மா தலைகுனிந்துகொண்டார்.

"தினமும் நீங்க வண்டிய எடுத்துட்டுப் போறதப் பார்த்து, திருடன்னு கத்துவாரு. ஏதாவது சொல்லி அடக்கணுமே தம்பி. நம்ம பையன்தான், வேலைக்குப் போறான்னு சொல்லிட்டேன்."

மழை வலுத்தது. அந்த அம்மாவை வீட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டு, குனிந்து ஸ்பாஞ்சை எடுத்தேன்.

"பின்சக்கரத்த விட்டுட்ட பாரு!" என்று ஜன்னலிலிருந்து மறுபடி அதட்டல் வந்தது.

"விடலப்பா," என்றேன். "அங்கதான் வர்றேன்."