இழுத்துப் பிடிக்க ஒரு கை

முடிதிருத்தும் பூமிநாதனுக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. சவரக்கத்தி தீட்டும் தோல்வாரை ஒரு கை இழுத்துப் பிடித்தால்தான் மறு கை கத்தியைத் தேய்க்க முடியும். "கடையை மூடிருவமா?" என்றாள் மனைவி கோமளம். அவர் பழைய எருமைத்தோல் பெல்ட்டை ஊறவைத்து, காலால் மிதித்து நீட்டி, உலர்ந்ததும் ஒரு பலகையில் வஜ்ஜிரப் பசையால் ஒட்டினார். பலகையைச் சுவரில் அறைய மட்டும் அவளைக் கூப்பிட்டார். இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அதில் தீட்டிய கத்தி பட்டதும் இடது முன்கை மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது.

கடை திறந்ததும் லாரி ஓட்டும் சவேரியார் வந்து உட்கார்ந்தார். நுரை பூசிக் கத்தியை எடுத்த பூமிநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே?"

"வாரையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். கன்னத்த இழுத்துப் பிடிக்கவும் ஒரு கை வேணுமே, சவேரி."

சவேரியார் இரண்டு விரலால் தன் கன்னத்தை மேலே இழுத்தார். "இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

கத்தி ஒரே சீராக இறங்கியது. பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரும் தங்களை அறியாமல் அவரவர் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.