ஒரு மெகாவாட்டுக்குக் கீழே

மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டதும் சுப்பராயன் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த வரிசையில் வேறு யாரும் இல்லை.

2013ஆம் வருடத்து வைகாசி. ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபம். தனியார் தயாரிக்கும் சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் அரசு வாங்குவதற்கான கொள்கை வரைவின் மீது அரசு அமைத்த குழு ஒன்று கருத்துக் கேட்டது.

முன்வரிசையில் பெரிய கம்பெனிக்காரர்கள், வக்கீல்களோடு. வரைவில் அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை.

சுப்பராயனுக்கு ஒரே ஒரு வரிதான் குறை. ஒரு மெகாவாட்டுக்குக் கீழே தயாரிப்பவர்களிடம் வாங்க வேண்டியதில்லை என்ற வரி.

அதை எடுக்கச் சொல்லி எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். மண்ணூரிலிருந்து வாலாஜாபாத் வரை, கூரையில் சோலார் பேனல் போட்டிருந்த சின்னப் பட்டறைக்காரர்கள் இருபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள்.

காலையில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பாபு மட்டும் உள்ளதைச் சொன்னான்.

"ஆர்டர் குடுக்கறதே பெரிய கம்பெனிங்கதாண்ணா. அவங்க எதிர்ல குந்திகினு நான் இன்னான்னு பேசறது?"

சுப்பராயன் அவனைத் திட்டவில்லை.

தயாரிப்பாளர்கள் மட்டுமே பேசலாம் என்று மண்டப வாசலில் ஒட்டியிருந்தார்கள். சின்னவர்கள் தரப்பில் ஒருவரும் பேசாவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிடுவார்கள். வரி அப்படியே நின்றுவிடும்.

மைக் அவர் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தது. இறக்கத் தெரியாமல் அண்ணாந்து நின்றார்.

"எவ்வளவு தயாரிக்கிறீங்க?" குழுவின் தலைவராக இருந்த அம்மாள் கேட்டார்.

ஒருமுறை செருமிக்கொண்டார்.

"பதினைஞ்சு கிலோவாட்டுங்க மேடம். வல்லக்கோட்டையில லேத் பட்டறை. ஞாயித்துக்கெழம பட்டறைக்கு லீவு. வெயிலுக்கு லீவு இல்லியே. அறுவது யூனிட்டு யாருக்கும் ஒதவாம போவுது. அதே நேரத்துல பக்கத்துத் தெருவுல கரண்டு இல்லாம விசிறிக்கினு கீறாங்க. எங்களுது கொஞ்சந்தான் மேடம். அந்தக் கொஞ்சத்த எடுத்துக்கோங்கன்றோம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. காகிதத்தில் அந்த வரியைத் தேடிப்பிடித்து, அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் தலையாட்டினார்.

"இதை எடுத்துடச் சொல்லிப் பரிந்துரைக்கிறோம். கொள்கை வந்ததும் உங்க பட்டறையை நானே வந்து பார்க்கணும்."

"வாங்க மேடம்" என்றார் சுப்பராயன்.

வெளியே வெயில் கொளுத்தியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பெயர் வந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்டுக்குப் போகிற பையன்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கம்பெனி பஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனது. பிறகு அவர் மட்டும் நின்றார்.

இரண்டு மணிக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். காவலர் அறைக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, செக்யூரிட்டித் தொப்பியை வைத்துக்கொண்டு, தடுப்புக் கம்பத்தின் பக்கத்தில் நின்றார்.

பட்டறையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. ஆர்டர் நின்றதும் லேத்தை ஒருவர் கொண்டுபோனார். பேனல்களை விலைக்கு வாங்கியவர்கள் தை மாதத்தில் கூரைமேல் ஏறிக் கழற்றினார்கள்.

ஒன்றும் உடைந்துவிடக் கூடாதே என்று, கீழே நின்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி வைத்தவர் சுப்பராயன்தான்.