ஜப்பான் வாள் தட்டு

"மாமா, ஏலம் கேட்காதீங்க! அது போலி!"

கத்தியது நான்தான். ஊசிவெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிறவள். கல்யாணமாகி விருதுநகருக்கு வந்ததிலிருந்து மாமனார் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. தோளில் தூங்கிய குழந்தை திடுக்கிட்டு விழித்து, எனக்கும் சேர்த்து அழ ஆரம்பித்தது.

தெரு அம்மன் பொங்கலுக்கு மறுநாள். நேர்ந்துகொண்டவர்கள் அம்மனுக்கு வைத்த பொருள்களைக் கோயில் வாசலில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார் சங்கிலிமுத்து.

முதலில் வந்தது என் குழந்தையின் வெள்ளிக் கிண்ணம். எங்கப்பா போட்ட சீர். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, பயத்தில் அதை அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். வழக்கமாக ஏலப் பொருள் கூட்டத்தில் ஒரு சுற்று கைமாறி வரும். கிண்ணம் சங்கிலிமுத்து கையை விட்டுப் போகுமுன்பே, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, "இருபத்தஞ்சு!" என்று கூவிவிட்டாள்.

வெள்ளி என்றால் என்ன ஆசை பார், என்று நினைத்துக்கொண்டேன். மாமா உடனே "முப்பது" என்று கேட்டு, கிண்ணத்தை வாங்கி அத்தையின் மடியில் போட்டார்.

அடுத்தது முத்துப்பேச்சி வைத்த பொருள். கறுத்த இரும்புத் தட்டு. உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை.

"ஜப்பான்காரன் வாளு இருக்குல்ல, அதுல பிடிக்கிற கையில வெட்டு விழாம இருக்க மாட்டுற தட்டு இது! முத்துப்பேச்சி புருசன் பட்டாளத்துல பர்மாவுக்குப் போயி கொண்டாந்தது. மகன் ஏழாயிரம்பண்ணை வெடிக் கம்பெனித் தீயில பொழைச்சு வந்ததுக்கு ஆத்தாளுக்குக் குடுத்திருக்கா. பாருங்க, பாத்துட்டுக் கேளுங்க!"

"செக்குல மாட்டுற வாஷர் மாதிரில்ல இருக்கு!" என்றார் எண்ணெய்க் கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. நேர்ந்த பொருள் ஏலம் போகாவிட்டால் அம்மன் அதை ஏற்கவில்லை என்பார்கள் இந்தத் தெருவில். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு என் கைக்கு வந்தது.

நான் கான்வென்டில் படித்தவள். அதனால் இந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம், மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதை நான் படித்துச் சொல்வதுதான். ஆனால் எங்கள் மதர் கிளாரா ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இப்படித் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். மழை நாளில் தையல் வகுப்புக்குப் பதில் எங்களுக்கு அதுதான் பாடம்.

புரட்டிப் பார்த்தேன். அடித்துச் செய்த இரும்பு இல்லை. உருக்கி அச்சில் ஊற்றியது. மேலெல்லாம் ஊசிமுனைக் குழிகள். ஓட்டையின் உள்பக்கம் இரண்டு அச்சு சேர்ந்த கோடு அப்படியே இருந்தது. வாளில் மாட்டியிருந்தால் ஓரம் தேய்ந்திருக்கும், இறுக்கித் தட்டிய உளித்தடம் இருக்கும். ஒன்றும் இல்லை.

மாமா "பத்து" என்றார். எண்ணெய்க் கடைக்காரர் "பதினஞ்சு" என்றார். மாமா "இருபது" என்றார்.

அப்போதுதான் கத்தினேன். கத்தியதோடு விட்டேனா? குழி, கோடு, உளி என்று விளக்கம் வேறு. "இதுல வாளே ஏறினதில்லை!" என்று முடித்தேன்.

கூட்டம் கப்சிப். என் அறிவைக் கண்டு அசந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அப்ப ஆத்தா ஏத்துக்க மாட்டாளா?"

சங்கிலிமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆத்தா என்ன சண்டைக்கா போகப் போறா? நீ கவலைப்படாம இரு, தாயி. இருபது ஒரு தரம்!"

"அம்பத்தொண்ணு!" என்றார் மாமா. தான் கேட்டதற்கு மேல் தானே!

ஏலம் முடிந்து நானும் அத்தையும் வீட்டுக்கு வந்தோம். மாமா தட்டைத் துண்டில் முடிந்துகொண்டு முன்னால் போய்விட்டார்.

"அத்தை, நான் சொன்னது நெசம். மாமாவை ஏமாத்திட்டாங்க."

"பொய்யின்னு யாரு சொன்னா? மாமாவும் பாத்துட்டுத்தான் கேட்டாக. ஏலத்துல எடுக்கிறது இரும்பையா? அவ நேத்திக்கடன் நல்லபடியா முடியணும்ல."

"அதுக்காகச் சாமிக்கே போலியை வைக்கலாமா? நாம சுத்த வெள்ளியில்ல வச்சோம்?"

அத்தை மடியிலிருந்து கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வாசல் வெளிச்சத்துல கொண்டுபோயி அடியைப் பாரு, தாயி."

பார்த்தேன். முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகப் பல்லிளித்தது. ஜப்பான் இரும்பில் ஊசிமுனைக் குழியைக் கண்டுபிடித்தவள், இத்தனை மாதமாக இதில்தான் குழந்தைக்குப் பால் புகட்டியிருக்கிறேன்.

"ஒங்கப்பாவை எந்தக் கடைக்காரன் ஏமாத்தினானோ, பாவம். கிணத்தடியில நான் புளி போட்டுத் தேய்க்கையில தெரிஞ்சுச்சு. கூட இருந்து பாத்தவ முத்துப்பேச்சி ஒருத்திதான்."

"அப்ப எதுக்கு அத்தை அவ முந்திக்கிட்டு ஏலம் கேட்டா?"

"கிண்ணம் ஒரு சுத்து கைமாறி வந்திருந்தா, ஒன் மானம் என்னத்துக்கு ஆகும்? கையில அஞ்சு ரூவா இல்லாதவ இருபத்தஞ்சுன்னு கூவினது அதுக்குத்தான்."