நாலாம் பக்கம்

"கையில ஒரு துண்டுச் சீட்டாவது வச்சுக்கோயேன்" என்றான் கணவன் மெர்ல்.

"எல்லாம் மனசுல இருக்கு" என்று சொல்லிவிட்டு டார்லா வேட்பாளர்கள் பேசும் மேடையில் ஏறினாள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவள் அவள். ஊர்ப் பள்ளியை நிர்வகிக்கும் வாரியத்துக்கான தேர்தலில், ஒன்பது வருடமாகத் தலைவராக இருக்கும் வெண்டல் க்ராஸை எதிர்த்து நிற்கிறாள். வீடு வீடாகப் போய்க் கேட்ட குறைகளை, தெருப் பெயரோடு தடுமாறாமல் சொன்னாள். அரங்கம் கைதட்டியது.

க்ராஸ் சிரித்தபடி ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார். "நல்லாப் பேசுறீங்க. ஆனா வாரியத்துல உட்கார ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சாப் போதாது. இது நம்ம பள்ளியோட ஆண்டறிக்கை. நாலாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

டார்லா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

புத்தகத்தை க்ராஸிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதே பள்ளியிலதான் பன்னிரண்டு வருஷம் படிச்சேன். வருஷா வருஷம் பாஸ் போட்டு, கடைசியில சர்டிஃபிகேட்டும் குடுத்தாங்க. அதனாலதான் தேர்தல்ல நிக்கிறேன். என்ன எழுதியிருக்கு, நீங்களே படிங்க சார்."

க்ராஸ் புத்தகத்தை மூடப் போனார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் படித்தாள்.

"வாசிக்கத் தெரியாத மாணவர் நம் பள்ளியில் ஒருவர்கூட இல்லை."

படித்தவள் நிமிர்ந்தாள். "என் மக ஏழாவது படிக்கிறா. அவளுக்கு வாசிக்க வராது."

"உட்காராதீங்கம்மா" என்றாள் டார்லா. "இன்னும் யார் யார் வீட்டுல?"

தயங்கித் தயங்கி நாற்பது கைகள் உயர்ந்தன. ஓட்டுப்பதிவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனால் தேர்தல் அப்போதே முடிந்துவிட்டது.