பட்டத்து நாற்காலி

தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன அந்த ஆங்கிலேயக் குடும்பத்தின் 'சர்' பட்டம், இப்போது மாடியறையில் ஹெஸ்டர் சீமாட்டியின் வயிற்றில் இருந்தது. கணவர் இறந்தபோது அவள் கர்ப்பிணி. பிள்ளை ஆணானால் பட்டமும் மாளிகையும் அதற்கு. பெண்ணானால் கணவரின் தம்பி ஆம்ப்ரோஸுக்கு. அதுவரை இறந்தவரின் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது.

மாடியில் அழுகை கேட்டதும் வீடே கூடத்துக்கு ஓடி வந்தது. தோட்டக்காரன் சேற்றுக் காலோடு நின்றான். நஞ்சுக்கொடி விழக்கூடக் காத்திராமல் மருத்துவச்சி குழந்தையோடு படியிறங்கினாள். எல்லாருக்கும் அவ்வளவு அவசரம்.

"பொண்ணு."

காரியஸ்தர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலைகுனிந்தார். "உட்காருங்க, சர் ஆம்ப்ரோஸ்."

அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஆம்ப்ரோஸ் உட்கார முழங்காலை மடக்கினார். மேலேயிருந்து வேலைக்காரி கத்தினாள்: "சீக்கிரம் வாங்க, உள்ளே இன்னொண்ணு இருக்கு."

அவர் உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. மருத்துவச்சி குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். எல்லாரும் மாடியையே பார்த்தார்கள். மூத்தவளை யாரும் பார்க்கவில்லை. அவளுடைய குட்டி விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தன.