ஜப்பான்காரம்மா சொல்வது

ரங்கூனிலிருந்து பாலம் தாண்டித் தன்லினுக்குள் நுழைந்ததும் பிக்கப் வண்டிக்கு மூச்சு வாங்கியது.

வடிவேல் எவ்வளவு மிதித்தும் அது ஊர்ந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப் போனார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவர் மகள் மஞ்சுளா, கல்யாணப் பெண், பட்டுப் புடவை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், கதவோரம், வடிவேலின் தங்கை மகன் தேவராஜ். பின்னால் கூரைக்குக் கீழே சொந்தபந்தம் மொத்தமும்.

கியாக்தான் அம்மன் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது.

காலையில் தாமுவேயில், வீட்டு வாசலில் சாவியைத் திருப்பியபோது, வழக்கம்போல ஜப்பான்காரம்மா பேசியிருந்தாள். ஜப்பானில் ஓடித் தேய்ந்து ரங்கூனுக்கு வந்த வண்டி அது. சாவி போட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும். வடிவேல் கைகூப்புவார். அர்த்தம் கேட்டதில்லை. ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டா தாலி கட்டுகிறோம் என்பார்.

அப்படிக் கும்பிட்டும் வண்டி இப்படிச் செய்துவிட்டது.

புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று தாமுவே மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அறுத்து எறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைக்கலாம் என்றான். கல்யாணம் முடியட்டும் என்று வடிவேல் தள்ளிப் போட்டிருந்தார்.

வண்டியை ஒரு லபேயே தேநீர்க் கடையோரம் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற பயம்.

தேவராஜ் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறவன். அவன் கண் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு பொத்தானில் நின்றது. தொடாதே என்று வண்டியை விற்றவர் சொன்னதால், மாமா அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

அவன் மஞ்சுளாவைத் தாண்டிக் கையை நீட்டி, பிளாஸ்திரியைப் பாதி உரித்தான். அடியிலிருந்த ஜப்பானிய எழுத்துகளில் ஒன்றின் ஓரத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர்க் குறி. கடைசி எழுத்துக்கு 'மாறுதல்' என்று அர்த்தம். நடுவில் 'கேஸ்' என்ற சொல். அழுக்கைப் போக்கும் பொத்தான் என்று தோன்றியது.

போன தேர்வில் அவனுக்குத் தோன்றியதெல்லாம் தப்பு.

கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்பிலும் ஒரு ஜப்பானியக் குறிப்பு இருந்தது. விளக்கு சிமிட்டினால் வண்டியை நிறுத்து, இன்ஜின் ஓடட்டும், பொத்தானை அழுத்து. அதுவரை படித்துவிட்டான். அதற்குக் கீழே மாமா ஒட்டிய முருகன் படம். கல்யாணத்தன்று முருகனை உரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கரி தானே எரிந்துவிடும், ஆனால் அதுவரை வண்டியை நகர்த்தக் கூடாது என்றான். எவ்வளவு நேரம் என்று மாமா கேட்டார். அது முருகனுக்குத்தான் தெரியும் என்றான், உண்மையும் அதுதான்.

ஊர்ந்தே போனால் ஒருவேளை முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம். இங்கே நின்று, அவன் படித்தது தப்பாகவும் இருந்துவிட்டால்?

அவன் வாய்விட்டுப் படித்ததில் 'கேஸ்' என்ற சொல் மட்டும் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. கேஸ் கசிகிறது என்று நாலைந்து பேர் குதித்தார்கள். பெரியம்மா தைலம்மாள் மட்டும் அசையாமல் இடையிலிருந்த ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“மொறைப்பையன முன்னால ஒக்கார வச்சதே தப்பு. கல்யாணத்த நிறுத்தப் பாக்குறான் பாரு.”

குதித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தேவராஜும் சிரித்தான். ஆனால் ஒரு நொடி, அப்படியும் இருக்குமோ என்று அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. நீட்டிய விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

“கைய எடுங்க அத்தான். தப்பாப் போனா பழி எனக்கு வரட்டும்.”

மருதாணி விரலால் மஞ்சுளாவே பிளாஸ்திரியை முழுக்கக் கிழித்து, பொத்தானை அழுத்தினாள்.

இன்ஜின் குரல் உயர்ந்தது. பின்னாலிருந்து வெண்புகை கிளம்பியது. கருகல் நாற்றம் தாங்காமல் லபேயே கடைக்காரர் குட்டை நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டார். தைலம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டே எல்லாருக்கும் லபேயே சொன்னாள். வடிவேல் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவராஜ் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். லபேயே ஆறியது.

புகை மெலிந்தது.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு கணத்தில், விளக்கு அணைந்தது.

வடிவேல் மிதித்தார். வண்டி உறுமியது. சந்தேகம் தீர ஒருமுறை அணைத்துவிட்டு, மறுபடி சாவியைத் திருப்பினார்.

ஜப்பான்காரம்மா பேசினாள்.

கூப்பிய கையோடு வடிவேல் திரும்பினார். “ஏண்டா மருமவனே, அதப் படிச்சவன் இதையும் சொல்லிரு. இந்தம்மா தெனம் என்னதான் சொல்லுது?”

வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதமே தேவராஜுக்கு அது புரிந்துவிட்டிருந்தது. மாமாவின் கூப்பிய கையைப் பார்த்தான். மஞ்சுளாவின் தலையிலிருந்த மல்லிகையைப் பார்த்தான்.

“போற எடத்துல நல்லா இருன்னு சொல்லுது மாமா.”

வடிவேலின் கண் கலங்கியது. மகள் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷமாகக் கேட்ட அந்த ஜப்பானிய வாக்கியத்தை, ஓர் எழுத்துப் பிசகாமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வகுப்பு ஆசிரியை கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள். தேவராஜுக்கு அவள் ஒருநாளும் போட்டதில்லை.

மஞ்சுளா தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கென்று வைத்திருந்த அட்சதையில் ஒரு பிடியைத் தைலம்மாள் ஜன்னல் வழியே தூவினாள்.

தன் மடியில் விழுந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, தேவராஜ் அந்த வாழ்த்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தான்.

'சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.'