ஜீப்புக்குப் புது பாடி

“வண்டியைத் தாங்கற அடிச்சட்டம், இந்த சேஸிஸ், துருப்பிடிச்சு உளுத்துப்போச்சு சார். புது சேஸிஸ், புது பாடி ரெண்டும் ரெடியா கிடைக்குது. மாட்டிட்டா ஜீப் உடனே ஓடும்,” என்றார் மெக்கானிக்.

ஜீப்பின் சொந்தக்காரரான பெரியவரின் முகம் மலர்ந்தது. அவர் மனைவி குறுக்கிட்டார். “ரெண்டும் வேண்டாம். பழசையே வெட்டி ஒட்டுங்க.”

“ரொம்ப நாள் இழுக்கும்மா.”

“இழுக்கட்டும்.”

“இவ சொன்னா சொன்னதுதான்,” என்று சிரித்தபடி பெரியவர் தாங்கள் வந்த காருக்கு நடந்தார்.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. “அவர் ஆசைக்கு ஏம்மா முட்டுக்கட்டை போடறீங்க?”

“டாக்டருங்க கைவிரிச்சுட்டாங்க தம்பி. இங்க வந்து உங்ககூட மல்லுக்கட்டத்தான் அவர் படுக்கையை விட்டே எழுந்திருக்கார். வண்டி முடிஞ்சிட்டா எதுக்கு எழுந்திருப்பார்?”

அன்று காலையில்தான் பெரியவர் மெக்கானிக்கிடம் போனில் கெஞ்சியிருந்தார். “சீக்கிரம் முடிச்சுடுங்க தம்பி. எனக்கப்புறம் அவ இந்த அரைகுறை வண்டியோட அல்லாடக் கூடாது. இதை அவகிட்ட சொல்லிடாதீங்க.”

மெக்கானிக் அதைச் சொல்லவில்லை. “சேஸிஸ் மட்டும் புதுசா போட்டுடறேம்மா. பாடி பழசே இருக்கட்டும். சாரைப் பக்கத்துல உக்காரவெச்சு, அவர் சொல்றபடி மெதுவா ஒட்டறேன்,” என்றார்.

பெரியவர் தினமும் வந்தார். ஒவ்வொரு தகரத்துக்கும் சண்டை பிடித்தார்.

கடைசிக் கதவைப் பொருத்தி முடித்த அன்று, சாவியை வாங்கிக்கொள்ள அந்த அம்மாள் மட்டும் வந்தார்.